கடலின் முகமும் வானத்துக் கண்ணும்



இலக்கியத்துக்கும் சரித்திரத்துக்கும் பழகிப்போன இந்தச் சொற்பொழிவு மேடையில், கடல்நீரும் காற்றும் தொட்டுக்கொள்ளும் அந்த மெல்லிய எல்லையில் எவ்வளவு வெப்பம் கைமாறுகிறது, வீசுகிற காற்றின் உந்தத்தில் எவ்வளவு கடலுக்குள் இறங்குகிறது, இவற்றை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றிவரும் செயற்கைக்கோள்களைக் கொண்டு எங்ஙனம் கணக்கிடுகிறார்கள் என்பதையெல்லாம் எடுத்துப் பேசுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். ஆனால் மழையை நம்பி ஏர் பூட்டுகிற ஒரு தேசத்தில், அம்மழைக்குரிய மேகம் எந்தக் கடலில் எவ்வளவு நீரை வாங்கிக்கொண்டு புறப்பட்டது என்ற கேள்வி எந்த மேடைக்கும் அந்நியமாகாது.

ஒன்றை ஆரம்பத்திலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். கடல் காற்றுக்குக் கொடுத்த வெப்பத்தை நேரே அளக்கும் கருவி இன்று எந்தச் செயற்கைக்கோளிலும் இல்லை. நம் சித்தாந்த நூல்கள் காட்சி, கருதல், உரை என்று அளவைகளை வகுத்துக் கூறுமே, அந்த வகுப்பின்படி பார்த்தால், கோள் நமக்குத் தருவது காட்சியளவை ஆகாது. ஒன்றைக் கண்டு மற்றொன்றை உணரும் கருதலளவையே ஆகும். அந்தக் கருதலுக்கு ஏதுவாக நிற்பது எது, அவ்வேது எந்த இடத்தில் வழுக்குகிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கணக்கை முதலில் போட்டுப் பார்க்கத் துணிந்தவர்களுள் ஒருவர், வால்நட்சத்திரத்தால் பெயர் விளங்கிய எட்மண்ட் ஹாலி. ஆறுகளெல்லாம் ஓயாமல் வந்து விழுந்தும் மத்தியதரைக் கடல் ஏன் நிரம்பி வழியவில்லை என்று ஐயுற்ற அவர், 1687இல், கடல்நீரின் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரை ஒரு வட்டிலில் ஊற்றி, அதைத் தராசின் ஒரு நுனியில் தொங்கவிட்டு, கீழே கரியடுப்பு வைத்துக் கோடைகாலக் காற்றின் உஷ்ணத்துக்கு அந்நீரைக் கொண்டுவந்து, எடை குறைவதைக் கண் மாறாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு நீர் ஆவியாகும் என்றும், அக்கணக்கில் மத்தியதரைக் கடல் நாளொன்றுக்கு 528 கோடி டன் நீரை இழக்கிறது என்றும் அவர் முடிவு கட்டினார். பத்தில் ஒரு அங்குலம் என்பது ஏறத்தாழ 2.5 மி.மீ. இன்றைய வழக்கில், ஒரு சதுர மீட்டர் கடற்பரப்பிலிருந்து ஆவியாதலின் வழியே 100 வாட் வெப்பம் வெளியேறுமானால் நாளொன்றுக்கு 3.5 மி.மீ. நீர் மேலே போகிறது என்று பொருள். அடுப்பும் தராசும் போன்ற எளிய சாதனங்களே கொண்ட ஒருவர் இன்றைய கணக்குக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றது வியப்பே. ஆயினும் அவருடைய அறைக்குள் காற்று வீசவில்லை. காற்று வீசினால் நீர் இன்னும் விரைவாகக் குறையும் என்பதை அவர் அறிந்திருந்தும், அதைக் கணக்கில் சேர்க்க அவருக்கு வழியில்லை.

ஆவியாதலுக்குரிய விதியை 1802இல் ஜான் டால்டன் சொன்னார். நீரின் மேற்பரப்பை ஒட்டி நிறைந்து நிற்கும் ஈரத்துக்கும் மேலேயுள்ள காற்றின் ஈரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு விரைவாக நீர் ஆவியாகும் என்பது அதன் சாரம். இன்று உலகெங்கும் பிரயோகத்தில் இருக்கும் சூத்திரம் இதன் வழித்தோன்றலே. காற்றின் வேகத்தை ஈர வேறுபாட்டால் பெருக்கி, அதனை ஒரு குணகத்தால் பெருக்கினால் ஆவிவழிச் செல்லும் வெப்பம் கிடைக்கும். ஈர வேறுபாட்டுக்குப் பதிலாக வெப்பநிலை வேறுபாட்டை வைத்தால் தொட்டுணரும் வெப்பம் கிடைக்கும். உந்தத்துக்கோ காற்றின் வேகத்தையே அவ்வேகத்தால் பெருக்க வேண்டும்; வேகம் இரட்டித்தால் கடலின் மேல் விழும் இழுப்பு நான்கு மடங்காகும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பை இழுக்கும் இழுப்பு, பதினைந்து கிராம் எடை கொடுக்கும் விசைக்கு மேற்படாது. அந்த அற்ப இழுப்பே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, சோமாலியக் கரையில் ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவருவதும், பெருங்கடல்களில் பெரும் நீரோட்டங்களைச் சுழலவிடுவதும் ஆகிய காரியங்களைச் செய்துவிடுகிறது.

சூத்திரம் எளிது, குணகத்தில்தான் சங்கடமெல்லாம் அடங்கியிருக்கிறது. அதைத் தீர்மானிக்கக் கப்பலின் அணியத்தில் கம்பம் நாட்டி, மேலும் கீழும் துடிக்கும் காற்றையும் அத்துடிப்போடு கூடி வரும் ஈரத்தையும் விநாடிக்குப் பத்து இருபது முறை பதிவுசெய்து, கப்பல் அலையில் ஆடிய ஆட்டத்தை அப்பதிவிலிருந்து கழித்து, எஞ்சியதைப் பெருக்கிக் கூட்டிப் பார்க்க வேண்டும். இது ஒன்றே உண்மையில் காட்சியளவை. 1992 நவம்பர் முதல் நான்கு மாதம், பசிபிக் சமுத்திரத்தின் மேற்கே உள்ள வெந்நீர்ப் பரப்பில் பல நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் மிதவைகளும் கூடி நடத்திய கோர் என்னும் பரிசோதனையிலிருந்து பிறந்த கணக்குமுறை, அப்பரிசோதனையின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. செயற்கைக்கோள் தரும் எண்களை வெப்பமாகவும் உந்தமாகவும் மாற்றித் தருவது பெரும்பாலும் இக்கணக்குமுறையே என்பதால், வானத்தில் சுற்றும் கருவியின் உயிர் ஒரு கப்பலின் அணியத்தில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனிக் காற்றின் பக்கம் வருவோம். கரையில் நிற்கும் மீனவர், வள்ளத்தைத் தள்ளுமுன், தண்ணீரின் முகத்தைப் பார்த்தே கச்சான் காற்று ஏறுகிறதா, வாடைக் காற்று திரும்புகிறதா என்று சொல்லிவிடுவது நம் கடற்கரையில் எவரும் அறிந்த செய்தி. ஆங்கிலேயக் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1806இல் வகுத்த காற்றளவை, முதலில் கப்பல் விரிக்கக்கூடிய பாயை வைத்து எழுதப்பட்டு, பாய்க்கப்பல்கள் மறைந்தபின் கடலின் தோற்றத்தை வைத்துத் திருத்தப்பட்டது. வானத்திலிருந்து காற்றளக்கும் சிதறல்மானி செய்வதும் இதே காரியம்தான். அது காற்றைக் காண்பதில்லை, காற்றினால் சுருக்கம் விழுந்த நீரைக் காண்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் பகைவரின் கப்பலைத் தேடிய ராடார்க்காரர்களுக்குக் கடலிலிருந்து திரும்பி வந்த இரைச்சல் பெரிய உபத்திரவமாக இருந்தது. காற்று மிகுந்தால் இரைச்சலும் மிகுந்தது. ரேடியோ அலையின் நீளத்துக்கு இசைந்த நீளமுள்ள நீரலைகளே அதை வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன என்பதை நியூசிலாந்தைச் சேர்ந்த கிராம்பி 1955இல் வெளியிட்ட குறிப்பு தெளிவாக்கியது. ஒருவருக்கு உபத்திரவமானது மற்றொருவருக்குச் செய்தியாயிற்று. இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள நுண்ணலையைக் கடலின் மேல் சாய்வாகப் பாய்ச்சினால், அதே போன்ற சிறு நீளமுள்ள சிற்றலைகள் அதைத் திருப்பி அனுப்பும். அச்சிற்றலைகள் காற்று பட்ட கணத்தில் எழுந்து, காற்று நின்ற சற்று நேரத்தில் மடிந்துவிடுபவை ஆதலால், நெடுந்தொலைவிலிருந்து உருண்டுவரும் பேரலையைப் போலப் பழைய காற்றின் கதையைச் சொல்லி ஏமாற்றுவதில்லை. காற்று வரும் திசையிலும் போகும் திசையிலும் எதிரொலி மிகுதியாகவும், குறுக்கே பார்த்தால் குறைவாகவும் இருப்பதால், ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து பார்த்தால் காற்றின் திசையும் பிடிபடும். நம் நாட்டுக் கோளாகிய ஓஷன்சாட்-2இல் இருந்த சிதறல்மானி இதற்காகவே, ஒரு மீட்டர் விட்டமுள்ள தட்டைச் சுழலவிட்டு, இரண்டு கற்றைகளால் முன்னும் பின்னுமாக ஒவ்வோரிடத்தையும் நான்கு முறை பார்த்தது. அப்போதும் திசை ஒன்றாகத் தீர்வதில்லை. நேர்த்திசையும் எதிர்த்திசையும் ஏறக்குறைய ஒரே எதிரொலியைத் தருவதால், அக்கம்பக்கத்துக் காற்றையும் வானிலைக் கணிப்பையும் துணைக்கு அழைத்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இக்கருவிகளின் ஆயுள் வரலாறு சற்றுத் துயரமானது. 1978 ஜூனில் அமெரிக்கா அனுப்பிய சீசாட், மின்கோளாறினால் அக்டோபரிலேயே வாய் மூடிவிட்டது. 1996இல் ஜப்பானியக் கோளில் ஏறிச்சென்ற என்ஸ்காட், கோளின் சூரியப் பலகை முறிந்ததால் பத்து மாதத்தில் முடிந்தது. 1999இல் அனுப்பப்பட்ட குயிக்ஸ்காட் மட்டுமே பத்தாண்டு தாக்குப்பிடித்து, அதன் தட்டு 2009 நவம்பரில் சுழல மறுத்தபோது, இரண்டு மாதங்களுக்கு முன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டிருந்த ஓஷன்சாட்-2 வானத்தில் தயாராக இருந்தது. அதன் சிதறல்மானி 2014இல் ஓய்ந்தபின் 2016இல் ஸ்காட்சாட்-1, 2022இல் ஓஷன்சாட்-3 என்று நம்மவர் வரிசை நீள்கிறது. ஐரோப்பியரின் சிதறல்மானிகள் சற்று நீண்ட அலையில் இயங்குவதால் மழையில் நம்முடையவற்றைவிடக் குறைவாகவே தடுமாறுகின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில், பிழையென்று கருதப்பட்டது பேறாக மாறிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. பசிபிக்கின் பூமத்தியரேகைப் பகுதியில் நங்கூரமிட்டு நிற்கும் மிதவைகள் அளந்த காற்றும், அவற்றின் மேலே பறந்த சிதறல்மானி கூறிய காற்றும் பொருந்தாமல், சில இடங்களில் ஒரே பக்கமாக மாறுபட்டு நின்றன. கருவியைக் குற்றம் சொல்வதற்கு முன், 2001இல் ஆய்வாளர் சிலர் அந்த வேறுபாட்டை அங்கே ஓடும் நீரோட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் இசைந்து வந்தன. மிதவை பூமியில் கட்டுண்டு நின்று காற்றை அளக்கிறது. சிற்றலைகளோ ஓடுகிற நீரின் மேல் எழுபவை, ஆதலால் காற்றுக்கும் நீருக்கும் இடையே உள்ள வேக வேறுபாட்டையே அவை அறியும். உந்தம் கைமாறுவதும் அந்த வேறுபாட்டினாலேயே அன்றோ? எனவே, உந்தத்தைப் பொறுத்த மட்டில், கோளின் கருதல் மிதவையின் காட்சியைவிட உண்மைக்கு நெருங்கியது என்ற விபரீதமான முடிவுக்கு நாம் வர வேண்டியிருக்கிறது.

வெப்பத்தில் அப்படியொரு பேறு நமக்கு வாய்க்கவில்லை. சூத்திரம் கேட்கும் பொருள்கள் நான்கு: காற்றின் வேகம், கடலின் உஷ்ணம், காற்றின் உஷ்ணம், காற்றின் ஈரம். வேகத்தைச் சொன்னோம். கடலின் உஷ்ணத்தை அகச்சிவப்புக் கருவிகள் நெடுங்காலமாக அளந்துவருகின்றன. அவை காண்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனமுள்ள மேற்றோலை மட்டுமே. ஆவியாகி ஆவியாகிக் குளிர்ந்துபோன அத்தோல், அடுத்துக் கீழே உள்ள நீரைவிட டிகிரியில் கால் பங்களவு குளிர்ந்திருப்பது சாதாரணம். அதைக்கூடத் திருத்திக்கொள்ளலாம், மேகத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றின் நான்கு மாதமும் வங்கக் கடலின் மேல் மேகம் போர்த்தியிருந்ததால், அந்நாளில் அக்கடல் பெரிதும் மாறாமல் கிடப்பதாகவே எண்ணினார்கள். 1997இல் சென்ற டிரம் என்னும் கோள், மேகத்தை ஊடுருவும் நுண்ணலையால் பார்த்தபோது, அப்பருவத்துக்குள்ளேயே அக்கடல் சில வாரங்களுக்கொரு முறை ஒன்றிரண்டு டிகிரி ஏறி இறங்குவதும், அவ்வேற்ற இறக்கம் மழையின் ஓட்டத்தோடும் ஓய்வோடும் கைகோத்துச் செல்வதும் தெரியவந்தன. இந்தியாவில் பருவமழை ஆராய்ச்சி செய்வோருக்கு இது கண் திறந்தாற்போன்ற அனுபவம்.

எஞ்சி நிற்பது காற்றின் ஈரம். கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. நமக்கு வேண்டியது கடலுக்கு மேல் பத்து மீட்டருக்குள் தவழும் காற்றின் ஈரம். நுண்ணலைக் கதிர்வீச்சுமானி காண்பதோ, கடற்பரப்பு முதல் வானத்தின் உச்சி வரை நிற்கும் நீராவி முழுவதன் கூட்டுத்தொகை. 1986இல் லியூ என்னும் அறிஞர், மாதச் சராசரியாகப் பார்த்தால் இந்தக் கூட்டுத்தொகைக்கும் கீழ்க்காற்றின் ஈரத்துக்கும் உலகக் கடல்களெங்கும் நிலையான ஓர் உறவு உண்டு என்று காட்டினார். 1987 முதல் இராணுவ வானிலைக் கோள்களில் ஏறிய அமெரிக்க நுண்ணலைக் கருவி நீராவியை ஓயாமல் அளக்கத் தொடங்கியதும், கோளை மட்டுமே கொண்டு சமுத்திரத்தின் ஆவியாதலைக் கணக்கிடும் முயற்சிகள் ஹாம்பர்கிலும் ஜப்பானிலும் நாசாவிலும் முளைத்தன. ஆனால் மாதத்தைவிட்டு நாளுக்கு இறங்கினால் அவ்வுறவு தளர்கிறது. மார்கழி மாதத்தில் கங்கைச் சமவெளியின் உலர்ந்த காற்று வங்கக் கடலின் வடபாகத்தில் இறங்கி வரும்போது, மேலே நிற்கும் நீராவிக்கும் கீழே ஓடும் காற்றுக்கும் உறவு கேட்டால் எந்தச் சராசரியும் பதில் சொல்லாது.

ஈரத்தில் எவ்வளவு பிழைத்தால் வெப்பத்தில் எவ்வளவு தவறு என்று பார்ப்போம். ஒரு கிலோ காற்றில் உள்ள நீராவியை ஒரு கிராம் தவறாகக் கணித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 7 மீட்டர் வேகமுள்ள சாதாரணக் காற்றில் அந்த ஒரு கிராம், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 வாட் பிழையாக வந்து நிற்கும். இப்போது உலகக் கணக்கைப் பாருங்கள். பெருங்கடல்களின் மேல் இறங்கும் சூரிய வெப்பத்தையும் வெளியேறும் வெப்பங்களையும் ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் கழித்தால், பூமி இக்காலத்தில் சூடேறிவரும் அளவாகிய சதுர மீட்டருக்கு ஒரு வாட் சுற்றுவட்டாரத்தில் மிச்சம் நிற்க வேண்டும். கப்பல் பதிவுகளைக் கொண்டு போட்ட கணக்குகளிலும் கோள்களைக் கொண்டு போட்ட பல கணக்குகளிலும் இருபது வாட்டும் அதற்கு மேலும் மிச்சம் நின்று எள்ளுகிறது. அந்த இருபதுக்கு ஈரம் மட்டுமே பொறுப்பென்று நான் சொல்ல மாட்டேன். மேகத்துக்கும் சூரிய ஒளிக்கும் குணகத்துக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் கையில் பிடிக்க முடியாத அந்த ஒரு கிராமே தலைமைக் குற்றவாளி என்பது என் துணிபு.

இருபது வாட் அற்பமென்று நினைப்பவர் வங்கக் கடலை நோக்க வேண்டும். பத்து மீட்டர் ஆழமுள்ள நீரடுக்கின் மேல் இருபது வாட் பிழை ஒரு மாதம் தொடர்ந்தால், அதன் உஷ்ணத்தில் 1.2 டிகிரிக்கு மேல் தவறுவோம். கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், அக்கடலின் வடபாகத்தில் உப்புநீரின் மேல் இத்தகைய மெல்லிய அடுக்காகவே மிதக்கிறது. கடல் ஏறத்தாழ 28 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அதன்மேல் மழைமேகம் திரளாக எழும் என்பதை சுலோசனா காட்கிலும் அவருடைய தோழர்களும் 1984இல் எடுத்துக்காட்டினர்; 28க்கும் 29க்கும் இடையே ஊசலாடும் ஒரு கடலில் ஒரு டிகிரி பிழை எத்தகையது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வெப்பத்தையும் உந்தத்தையும் பிரித்து வைத்துக் கணக்கிடக் கூடாது என்பதற்கு அரபிக் கடல் நல்ல சான்று. 1969இல் ஃபின்ட்லேட்டர் என்னும் வானிலை அறிஞர் விவரித்த பெருங்காற்று ஜூன் மாதத்தில் கென்யாக் கரையோரம் ஏறி, அரபிக் கடலைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வரும்போது, அக்கடல் சில வாரங்களில் பல டிகிரி குளிர்ந்துவிடும். காற்று மிகுந்ததால் ஆவியாகிக் குளிர்ந்தது என்று சொல்லிவிடத்தான் எவருக்கும் தோன்றும். 1994 அக்டோபர் முதல் ஓராண்டுக்காலம் நடு அரபிக் கடலில் அமெரிக்கரின் உட்ஸ் ஹோல் நிலையத்தார் நிறுத்திவைத்த மிதவையோ, தென்மேற்குப் பருவம் முழுவதும் அக்கடல் மேற்பரப்பின் வழியாக வெப்பத்தைப் பெற்றுக்கொண்டே இருந்தது என்று காட்டியது. காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருந்ததால் ஆவியாதல் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. வெப்பத்தைப் பெற்றும் கடல் குளிர்ந்ததற்குக் காரணம், காற்றின் உந்தம் ஆழத்துக் குளிர்நீரைக் கலக்கியும் கிளப்பியும் மேலே கொண்டுவந்ததுதான். வங்கக் கடலில் அதே பருவக்காற்று வீசியும் நன்னீர் அடுக்கு அந்தக் கலக்கலைத் தடுத்துவிடுவதால் கடல் சூடாகவே நிற்கிறது.

நம் வாசலண்டையிலும் இதன் சிறு உருவத்தைக் காணலாம். வடகிழக்குப் பருவத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே ஒடுங்கிப் புகும் வாடை, மன்னார் வளைகுடாவைக் கடந்து குமரிமுனைக்குத் தெற்கே கடலைக் குளிர்விப்பதை, பத்தே மாதம் வாழ்ந்த அந்த என்ஸ்காட்டின் காற்றுப் பதிவையும் அகச்சிவப்பு உஷ்ணப் பதிவையும் அருகருகே வைத்துக் கண்டறிந்திருக்கிறார்கள். கப்பல் பதிவுகளின் மாதச் சராசரியில் இத்தகைய குறுகிய காற்று வெறும் மங்கலாகத்தான் தெரியும்.

புயலைப் பற்றி ஒரு வார்த்தை. விநாடிக்கு 30 மீட்டருக்கு மேற்பட்ட காற்றில் நுரையும் திவலையும் கடலை மூடிவிட, இழுப்புக் குணகம் ஏறுவதை நிறுத்திவிடுகிறது என்பதை அட்லாண்டிக், பசிபிக் புயல்களுக்குள் விமானத்திலிருந்து போட்ட கருவிகளைக் கொண்டு 2003இல் கண்டார்கள். அந்நிலையில் சிற்றலையை நம்பும் சிதறல்மானியும் மழையில் குழம்பிப்போகிறது. இருபது சென்டிமீட்டர் அளவுள்ள நீண்ட அலையில் நுரையின் பிரகாசத்தை அளக்கும் கோள்களும், வழிகாட்டிக் கோள்களின் சமிக்ஞை கடலில் பட்டுத் தெறிப்பதைப் பிடிக்க 2016இல் அனுப்பப்பட்ட எட்டுச் சிறு கோள்களும் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றன.

இத்தனைக்கும் தணிக்கையாளராக நிற்பவை மிதவைகளே. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தொடங்கிய மிதவைத் திட்டமும், பல நாடுகள் சேர்ந்து இந்திய சமுத்திரத்தில் நிறுவிய ராமா என்னும் மிதவை வரிசையும், 2014 டிசம்பரில் சாகர் நிதி கப்பலிலிருந்து வங்கக் கடலில் வட அட்சரேகை 18ஆம் பாகையில் இறக்கி ஓராண்டுக்கு மேல் நிறுத்திவைத்த மிதவையும் இல்லாதிருந்தால், மேலே நான் சொன்ன ஒரு கிராமை எவரும் பிடித்துக் காட்டியிருக்க முடியாது. மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். படகை மிதவையிலேயே கட்டுவார்கள். உராய்வில் கம்பம் வளையும், உணர்கருவி உடையும், சில சமயம் நங்கூரக் கயிறே அறும். இதற்காக மீனவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மஞ்சள் உருண்டை எதற்காக அங்கே நிற்கிறது என்று கழகத்தார் கடற்கரை ஊர்களுக்குச் சென்று எடுத்துச் சொல்லிவருகிறார்கள், அது இன்னும் பல ஊர்களுக்கு எட்ட வேண்டும். அம்மிதவையின் ஈர உணர்கருவி ஒரு வாரம் பழுதுபட்டுக் கிடந்தால், அந்த வாரத்துக்கு, அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில், கோள் போடும் கணக்கைச் சரிபார்க்க வேறொரு சாட்சி கிடையாது.